பத்து சதவீதம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

போன வியாழக்கிழமை மத்தியானம் நான் மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து வடித்துக்கொண்டிருந்தபோது சஜிதா அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கல்லூரி நூலகத்தில் என் நாற்காலிக்கு வந்தவள். நல்ல பெண், வேலையும் சுத்தம். ஆனால் அன்று அவள் கேட்ட கேள்வியில் பாத்திரம் என் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"டீச்சரே, ஒரு சம்சயம். ஒரு புஸ்தகத்தில எத்தன சதவீதம் வரைக்கும் பிள்ளைகளுக்கு ஸ்கேன் பண்ணிக் குடுக்கலாம்? பத்துதானே?"

பத்து! இருபத்தொன்பது வருஷ வேலையில் பாதியை இந்தப் பத்தோடு மல்லுக்கட்டியே கழித்தவள் நான். துறைத் தலைவர்கள் இதைச் சொன்னார்கள், முதல்வர்கள் சொன்னார்கள், தர ஆய்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் மேசையைத் தட்டியே சொன்னார். பாடத்துக்காகப் படியெடுப்பதைப் பற்றி நம் பதிப்புரிமைச் சட்டம் பேசுகிற இடத்தில் பத்து சதவீதம் என்ற பேச்சே கிடையாது. யாரோ எந்த நாட்டு இணையப் பக்கத்திலோ படித்துவிட்டு வந்து இங்கே விதைத்துவிட்டார்கள். ஆசிரியர் கூட்டங்களில் சொல்லிப் பார்த்தேன். தமிழிலும் மலையாளத்திலும் தட்டச்சு செய்து நூலக வாசலில் ஒட்டினேன். அதன் மேலேயே ஓணப் பூக்களப் போட்டி அறிவிப்பை ஒட்டினார்கள். ஓணம் முடிந்தும் அதை யாரும் கிழிக்கவில்லை.

"அடுப்பில வேல இருக்கு மக்கா, பிறகு கூப்பிடுகேன்" என்று ஃபோனை வைத்துவிட்டேன். கோபத்தில் பேசினால் அவள் பயந்துவிடுவாள்.

நான் நூலக அறிவியல் படித்தது திருவனந்தபுரத்தில். வகைப்பாட்டுக்கும் பட்டியலுக்கும் ஒரு வருஷம் கொடுத்தார்கள், பதிப்புரிமைக்கு ஒரே ஒரு மத்தியானம். பாறசாலைக்குப் பக்கத்தில் உள்ள இந்தக் கல்லூரியில் நான் சேர்ந்தபோது நகல் இயந்திரமே கிடையாது. பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதி எடுப்பார்கள். அந்தக் காலத்தில் யாருக்கும் பதிப்புரிமை பற்றிய கவலை இல்லை. பிறகு நகல் இயந்திரம் வந்தது, ஸ்கேனர் வந்தது, கல்லூரிக்கென்று ஒரு இணையப் பக்கம் வந்தது, கூடவே என் தலைவலியும் வந்தது.

சட்டம் சொல்வது அப்படியொன்றும் சிக்கலான விஷயமல்ல. ஐம்பத்திரண்டாம் பிரிவை யாராவது ஒருதரம் உட்கார்ந்து படித்தால் போதும். பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுத்தால் அது மீறல் ஆகாது. பக்கத்தை எண்ணச் சொல்லவில்லை, பாடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்க்கச் சொல்கிறது. வகுப்பில் இருபது பேருக்கு மூன்றாம் அத்தியாயம் வேண்டுமா, தாராளமாகக் கொடுக்கலாம். முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி கல்லூரிப் பக்கத்தில் போட்டுவிட்டு, "நான் பாடம்தானே நடத்துகிறேன்" என்றால் எப்படி? ஆனால் எங்கள் ஆசிரியர்கள் இரண்டே வகை. ஒரு சாரார் படிப்புக்கு என்றால் எதுவும் செய்யலாம் என்பார்கள். மறு சாரார் எதைத் தொட்டாலும் சிறை என்பார்கள். ஒரே ஆள் காலையில் முதல் வகையாகவும் மாலையில் இரண்டாம் வகையாகவும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு தனி நோய் வேறு உண்டு. பாறசாலையில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் களியிக்காவிளை, அங்கே தமிழ்நாடு. இந்தக் கேரளப் பக்கம் லாட்டரிச் சீட்டை மேசை போட்டு விற்கலாம், அந்தப் பக்கம் விற்றால் போலீஸ் பிடிக்கும். பெட்ரோல் விலை வேறு, வண்டி வரி வேறு, பள்ளிக்கூட விடுமுறைகூட வேறு. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எல்லாச் சட்டமும் செக்போஸ்ட்டில் மாறிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

வரலாற்றுத் துறைத் தலைவர் ராஜையன் சார் அந்த நம்பிக்கையின் முழு உருவம். வகுப்பில் அவரை அடிக்க ஆளில்லை, பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்தார். எம்.ஏ. வகுப்புக்கு ஒரு வெளிநாட்டுப் பதிப்பகத்தின் புத்தகம் வேண்டியிருந்தது. விலை பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகாது. தேவையான இரண்டு அத்தியாயத்தை நானே படியெடுத்துத் தருகிறேன் என்றேன். அவருக்கு முழுப் புத்தகமும் வேண்டுமாம், அறுபது படிகள், அதுவும் அட்டை போட்டு.

"சாரே, அட்டை போட்டு அறுபது அடிச்சா அது புஸ்தகம் அடிக்கிறதுதான். அது பாடம் நடத்துறது ஆகாது."

"வசந்தா, நீ செல்லியது கேரளத்துக்கு உள்ள சட்டம் ஆக்கும். நான் களியிக்காவிளையில குடுத்து எடுக்கேன். அங்க ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"பதிப்புரிமை மத்திய சட்டம் சாரே. காசர்கோட்டுக்கும் கன்னியாகுமரிக்கும் ஒண்ணுதான்."

"நீ புஸ்தகத்தப் பாத்து பேசுக. நான் நாட்டு நடப்பப் பாத்து பேசுகேன்" என்று சிரித்துக்கொண்டே போனார். வரலாறு படித்தவர், மாநில எல்லை எப்படி வந்தது என்று மூன்று மணி நேரம் பேசக்கூடியவர். அவருக்கு இது தெரியவில்லை!

களியிக்காவிளைக் கடைக்காரர் கெட்டிக்காரர். அறுபது கேட்டால் தொண்ணூறு அடித்தார். அட்டையில் எங்கள் கல்லூரிப் பெயரையும் ராஜையன் சாரின் பெயரையும் தங்க எழுத்தில் போட்டார். மிச்சத்தைக் கடை முகப்பில் பரீட்சை கைடுகளோடு கயிறு கட்டித் தொங்கவிட்டார். அந்தப் பதிப்பகத்தின் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் அந்தக் கடை வாசலில் நின்றா நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும்? மூன்று வாரத்தில் வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் கல்லூரிக்கு வந்து சேர்ந்தது.

இங்கே எங்கள் முதல்வர் வேணுகோபால் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் எந்தக் காகிதத்தையும் கீழிருந்து மேலே வாசிப்பவர். முதலில் அடியில் யார் கையெழுத்து என்று பார்ப்பார். பிறகு அந்தக் கையெழுத்துக்கு மேலே இன்னொரு கையெழுத்து உண்டா என்று பார்ப்பார். விஷயத்தைக் கடைசியாகப் பார்ப்பார், அதுவும் நேரம் இருந்தால். கண்ணாடியைக் கழற்றி மேசை விரிப்பில் துடைத்து, மறுபடி மாட்டி, பச்சை மையில் ஓரமாக "நேரில் பேசவும்" என்று எழுதுவார். நேரில் பேசப் போனால் சார் பல்கலைக்கழகத்துக்குப் போயிருப்பார். மறுநாள் போனால், "ஃபைல் எங்கே?" என்பார். ஃபைல் அவர் மேசையிலேயே, அவர் முழங்கைக்குக் கீழேயே இருக்கும். நூலகத்துக்கு ஒரு ஸ்கேனர் வாங்க ஒன்பது தடவை நேரில் பேசியிருக்கிறேன். முடி நரைத்தது வயதினால் மட்டுமல்ல.

நோட்டீஸையும் அவர் கீழிருந்துதான் வாசித்தார். அடியில் வக்கீல் கையெழுத்து. அதற்கு மேல் அவர் வாசித்ததாக எனக்குத் தோன்றவில்லை. நோட்டீஸ் கேட்டது அந்த ஒரு புத்தகத்தைப் பற்றி மட்டும். ஆனால் அரை மணி நேரத்தில் இரண்டு வரி உத்தரவு வந்தது: கல்லூரி இணையப் பக்கத்திலும் நூலகக் கணினிகளிலும் உள்ள எல்லா ஸ்கேன்களையும் இன்றே நீக்க வேண்டும். "நேரில் பேசவும்" இல்லாமல் அவர் கையெழுத்துப் போட்டு நான் பார்த்த முதல் காகிதம் அது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எது கூடும், எது கூடாது என்று பட்டியல் போட்டுப் பிரித்து, கூடாததை மட்டும் நீக்கியிருக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. அது என் வேலை, எனக்கு மட்டுமே செய்யத் தெரிந்த வேலை. செய்யவில்லை. எனக்கு அன்று அப்படியொரு ஆத்திரம். எத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன், ஒருத்தராவது கேட்டாரா? அனுபவிக்கட்டும் எல்லாரும் என்று நினைத்தேன். கணினி முன்னால் உட்கார்ந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒன்றையும் திறந்து பார்க்காமல், வரிசையாக எல்லாவற்றையும் அழித்தேன். அழித்தவை போய்க் கிடக்கும் தொட்டியையும் காலி செய்தேன். ஒரு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதையும் மறைக்கப் போவதில்லை.

மறுநாள் காலை ஸ்டெல்லா அழைத்தாள்.

"டீச்சரே, எனக்க புஸ்தகம் எல்லாம் எங்க போச்சு?"

ஸ்டெல்லா எம்.ஏ. வரலாறு இரண்டாம் வருஷம். வயது முப்பத்துநான்கு. கோட்டுகாலில் கடற்கரையில் வீடு, புருஷன் விழிஞ்ஞத்திலிருந்து கடலுக்குப் போகிறவர். பதினேழு வயதில் ஒரு காய்ச்சலில் அவளுக்குப் பார்வை போயிற்று. மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, விட்ட படிப்பைப் பிடித்தாள். நெய்யாற்றின்கரை வந்து பஸ் மாறி வருவாள், ஒரு நாள் பிந்தியதில்லை. பிரெயில் அவளுக்கு வேகம் வராது. திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் மென்பொருளை வைத்துத்தான் படித்தாள்.

அவளுக்காக நான் ஒன்றரை வருஷமாகப் பதினான்கு புத்தகங்கள் தயாரித்து, கல்லூரி இணையப் பக்கத்தில் அவளுக்கு மட்டும் திறக்கும் ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தேன். இது நோட்டீஸ் விவகாரத்தோடு சேர்ந்ததே அல்ல. அதே ஐம்பத்திரண்டாம் பிரிவில் பிற்பாடு ஓர் உட்பிரிவு சேர்த்திருக்கிறார்கள். சாதாரண அச்சைப் படிக்க முடியாதவருக்கு, அவர் படிக்கக்கூடிய வடிவத்தில், லாபம் பார்க்காமல் ஒரு படைப்பை யாரும் மாற்றிக் கொடுக்கலாம். முழுப் புத்தகத்தையும் கொடுக்கலாம்.

அந்த வேலையைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, படத்தை எழுத்தாக மாற்றினால் மட்டும் போதாது. மெஷின் வாசிக்கும்போது பக்கத்தின் தலைப்பில் இருக்கும் நூலின் பெயரை ஒவ்வொரு பக்கத்திலும் வாசிக்கும், வாக்கியத்தின் நடுவே அடிக்குறிப்பு புகுந்துவிடும். ஒரு ராஜா போருக்குக் கிளம்புவார், உடனே "மேற்படி நூல், பக்கம் நூற்றுப் பன்னிரண்டு" என்று வரும். அதையெல்லாம் நான் கையால் பிரித்து அத்தியாயத்தின் கடைசியில் வைப்பேன். அட்டவணைகளை வாக்கியமாக மாற்றுவேன். பரீட்சையில் மேற்கோள் காட்ட வேண்டுமே என்று பக்க எண்ணைத் தனி வரியில் போடுவேன். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு இருபது பக்கம் முடிப்பேன். என் வேலைக் காலத்தில் எனக்கு அலுக்காத வேலை அது ஒன்றுதான். அதை நானே அழித்திருந்தேன்.

நான்கு புத்தகங்கள் அவள் ஃபோனில் இருந்தன, பத்து போய்விட்டன. கணினி ஆள் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"பிரின்சிப்பல் உத்தரவாக்கும் மக்கா, எல்லாத்தையும் எடுக்கச் செல்லியாச்சு" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அது பொய்யில்லை, உண்மையும் இல்லை. அவள் "இனி என்ன செய்யலாம் டீச்சரே?" என்று மட்டும் கேட்டாள்.

மறுபடி தயாரிக்க முதல்வர் அனுமதி வேண்டும், ஏனென்றால் ஸ்கேனரையே பூட்டி வைத்துவிட்டார்கள். உட்பிரிவைத் தட்டச்சு செய்து, ஃபைல் போட்டு, நானே கையில் கொண்டுபோய் அவர் எதிரே உட்கார்ந்தேன். நேரில் பேசவும் என்று எழுத இடம் கொடுக்கக் கூடாது என்று அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அடியிலிருந்து வாசித்தார். அடியில் என் கையெழுத்து மட்டும் இருந்தது. முகம் வாடிவிட்டது.

"ஸ்டெல்லாவின்ட காரியம் எனக்கு மனசிலாகும். பக்ஷே வசந்தா, ரிஸ்க் உண்டு" என்றார். என்னிடம் பேசும்போது மலையாளத்தையும் தமிழையும் கலந்துதான் பேசுவார்.

"சட்டமே செய்யலாம்னு சொல்லுது சார். வாசிச்சுப் பாருங்க."

வாசித்தார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி வாசித்தார். பிறகு தலையைத் தூக்கிக் கேட்டார்: "இது கேரளத்துக்கும் உள்ளதுதானே?"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ராஜையன் சாராவது களியிக்காவிளைக் கடையை நம்பினார். இவர் முதல்வர்!

கடைசியில் அனுமதி எழுதினார். அதன் கீழே பச்சை மையில் ஒரு வரி சேர்த்தார்: ஒரு புத்தகத்தில் பத்து சதவீதத்துக்கு மிகாமல்.

"சார், இந்தப் பத்து எங்கேயிருந்து வந்தது? கண்ணு தெரியாதவளுக்குப் புஸ்தகத்தில பத்தில ஒண்ணு குடுத்தா அவ என்ன படிப்பா?"

"அது ஒரு சேஃப்டி. நீங்க எத்தன பக்கம் குடுக்குறீங்கன்னு நான் வந்து எண்ணவா போறேன்? பேப்பர்ல கிடக்கட்டும். அடியில நீங்களும் ஒரு ஒப்பு போடுங்க."

நின்று சண்டை போட்டிருக்கலாம். இன்னும் மூன்று நாள் நேரில் பேச வேண்டியிருக்கும், பரீட்சையோ பக்கத்தில். பேப்பரில்தானே என்று கையெழுத்துப் போட்டேன். ஸ்கேனர் அறையின் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினேன்.

நான் பத்து சதவீதத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. முழுப் புத்தகமாகவே செய்தேன். மறுநாள் காலை யாரும் கூப்பிடாமல் ராஜையன் சார் வந்து நின்றார். "நான் செய்த வேல இது" என்று ஒரு தடவைதான் சொன்னார். புத்தகத்தை ஸ்கேனர் கண்ணாடியில் அமுக்கிப் பிடிப்பது அவர் வேலை, எழுத்தைச் சரிபார்ப்பது என் வேலை. அதிலும் நிம்மதி உண்டா? பாதியில் கையை எடுத்துவிட்டு, "வசந்தா, இந்தாளு இங்க எழுதியிருக்கது தப்பாக்கும், கேட்டியா" என்று தொடங்கிவிடுவார். "சாரே, தப்பையும் சேத்து அமுக்குங்க" என்பேன். பரீட்சைக்கு முன் ஆறு புத்தகங்கள் முடிந்தன, நான்கு முடியவில்லை. முடியாத நான்கும் நான்காம் தாளுக்கானவை. ஸ்டெல்லா அந்தத் தாளில் மட்டும் தோற்றாள். அடுத்த வருஷம் எழுதித் தேறினாள். இப்போது அதியன்னூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்த ஒரு வருஷத்தை அவளிடமிருந்து எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே சஜிதாவைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"மக்கா, பத்து சதவீதம்னு உனக்கு யாரு சொன்னது?"

"ஃபைல்ல இருக்கே டீச்சரே. இங்க டிகிரி ரெண்டாம் வருஷத்தில கண்ணு தெரியாத பிள்ள ஒருத்தி உண்டு. அவளுக்காக்கும் நான் பழைய ஃபைலத் தேடி எடுத்தது. அதப் பாத்துதான் ஒவ்வொரு புஸ்தகத்திலயும் சரியா பத்து சதவீதம் குடுக்கேன். இருநூறு பக்கம்னா இருவது. அவ கூடுதல் கேட்டு அழுகா. அதாக்கும் உங்ககிட்ட ஒரு வாக்கு கேக்கலாம்னு. அடியில உங்க ஒப்பும் உண்டே?"

"நீ எந்த இருவது பக்கம் குடுக்க?" என்று கேட்டேன்.

"முதல் இருவது."

முதல் இருபது பக்கம். உள்அட்டை, சமர்ப்பணம், பொருளடக்கம், பதிப்புரை, நன்றியுரை, முன்னுரையில் பாதி. அந்தப் பெண் ஒவ்வொரு புத்தகத்திலும் யார் யாருக்கு நன்றி சொன்னார் என்பதை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறாள், என் கையெழுத்தின் பேரில்.

சஜிதாவைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஃபைலில் இருந்ததை அவள் நம்பினாள். அந்த வரி தப்பு என்று தெரிந்தே அதன் அடியில் கையெழுத்துப் போட்டவள் நான். ஓய்வு பெறும் நாளிலாவது அதை ரத்து செய்ய ஒரு குறிப்பு எழுதி வைத்தேனா? அதுவும் இல்லை. பொன்னாடையையும் சுவர்க் கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போய்ப் புதிய முதல்வரைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். கூட வர ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். முழுப் புத்தகம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் சொன்னால் எவர் முன்னாலும் எடுபடும். கேட்டதும், "வாறேன் டீச்சரே, லீவு போடுகேன்" என்றாள். ஃபோனை வைக்கப் போனவளை நிறுத்தினேன். இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னேன். உத்தரவு முதல்வருடையதுதான், ஆனால் பார்த்துப் பிரித்து எடுத்திருந்தால் உன் புத்தகங்கள் தப்பியிருக்கும், ஆத்திரத்தில் ஒன்றையும் பார்க்காமல் அழித்தது நான் என்றேன்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் டீச்சரே."

"எப்பிடி?"

"காலேஜ் வெப்சைட்டில போய் எனக்க ஃபோல்டரத் தொட்டேன். மெஷினு வாசிச்சுது: எல்லாக் கோப்புகளும் நீக்கப்பட்டன, நீக்கியவர் நூலகர் வசந்தகுமாரி. நம்பாம நாலு தடவ வாசிக்க வச்சேன். பிறகாக்கும் உங்களக் கூப்பிட்டது."

"பின்னெ ஏன் மக்கா என்கிட்ட ஒண்ணும் கேக்கல்ல?"

"கேட்டா நீங்க அழுதோண்டு இருந்திருப்பிய. பன்னெண்டு நாளுதான் இருந்தது. எனக்குப் புஸ்தகம்லா வேண்டியிருந்தது" என்றாள். பிறகு, "திங்கக்கிழம எத்தன மணி பஸ்ஸுக்கு நிக்கணும்?" என்று கேட்டாள்.